5 பேர், 22 பக்கம், ஒரு சண்டை

"மாமா, இவங்க பேசிக்கிட்டே இருக்காங்களே, எப்ப அடிப்பாங்க?"

என் தங்கை மகன் கேட்டது இது. அவன் வரைகிறான், நான் எழுதுகிறேன். பகலில் எனக்குச் சிவகாசியில் டி.டி.பி. வேலை. காலண்டர், பட்டாசு டப்பா லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று போகும். இரவு பத்துக்கு மேல் நாங்கள் இருவரும் வாட்ஸப்பில் ஒரு சூப்பர்ஹீரோ குழுக் கதையைக் கட்டிக்கொண்டிருப்போம். ஐந்து பேர் கொண்ட குழு. அவனுக்குச் சண்டை வரையப் பிடிக்கும். எனக்கு ஆட்கள் உட்கார்ந்து பேசினால் பிடிக்கும். மூன்று வருடமாக இந்த இழுபறிதான்.

முதல் முயற்சி 24 பக்கம். அதில் 19 பக்கம் சண்டை. பத்துப் பிரதி அச்சடித்துத் தெரிந்தவர்களிடம் கொடுத்து, ஒரு வாரம் கழித்து, "யாரைப் பிடிச்சிருந்தது?" என்று கேட்டேன். ஒருவருக்கும் ஒரு பெயர்கூட ஞாபகம் இல்லை. "அந்தக் கல்லு உடம்புக்காரன் நல்லா இருந்தான்" என்றார் ஒருவர். கல்லு உடம்பு என்பது அவனுடைய சக்தி. அவன் யார் என்று அவருக்குத் தெரியவே இல்லை. அடுத்த முயற்சியில் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். மொட்டைமாடி, டீ, பழைய நினைவு, கண்ணீர். அதற்குத்தான் மருமகன் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

மூன்றாவது முறை எழுதுவதற்கு முன் நான் செய்தது, மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்த எக்ஸ்-மென் என்கிற அமெரிக்க சூப்பர்ஹீரோ குழுக் காமிக்ஸ் இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு கலர் பென்சிலால் பிரித்துப் பார்த்தது. குழுக் கதை எழுத நினைக்கிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். வெறும் உடம்பு மட்டும் அசைகிற பேனலுக்கு, அதாவது பக்கத்தில் பிரித்த படக் கட்டத்துக்கு, சிவப்பு. மனசு மட்டும் அசைகிற பேனலுக்கு நீலம். இரண்டும் சேர்ந்து அசைந்தால் இரண்டு நிறத்தையும் பூசுங்கள். மோசமான இதழில் முதல் பாதி நீலமாகவும் பின்பாதி சிவப்பாகவும் இருக்கும், வீட்டுக்கு அடித்த இரட்டைக் கலர் பெயின்ட் மாதிரி. நல்ல இதழில் எங்கே பார்த்தாலும் ஊதா. பழைய பிரதியின் விலை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் ஜெராக்ஸ் எடுத்துச் செய்யுங்கள். நான் பயப்படவில்லை, இப்போது வருத்தப்படுகிறேன்.

முதலில் கணக்கு. அமெரிக்க மாத இதழ் ஒன்றில் 1980களில் கதைக்கு 22 பக்கம் என்பது வழக்கமாக இருந்தது. பக்கத்துக்கு ஐந்தாறு பேனல் வைத்தால் மொத்தம் 120 பேனல் சுமார். ஏழு பேர் குழு என்றால் ஆளுக்கு 17. அதிலும் வில்லனுக்குப் பங்கு போக வேண்டும், கட்டடம் இடிவதற்குப் போக வேண்டும். தனி ஹீரோ கதையில் எழுத்தாளருக்கு இந்த நெருக்கடி கிடையாது. ஆகவே, "முதலில் குணத்தைக் காட்டிவிட்டுப் பிறகு சண்டைக்குப் போகலாம்" என்கிற திட்டம் குழுக் கதையில் நடக்கவே நடக்காது. ஏழு பேரை அறிமுகப்படுத்தி முடிக்கும்போது இதழ் முடிந்திருக்கும். குணம் சண்டைக்குள்ளேயேதான் தெரிந்தாக வேண்டும்.

அதற்கு ஆட்களின் பட்டியல் போட்டால் போதாது. ஜோடிகளின் பட்டியல் போடுங்கள். ஐந்து பேர் இருந்தால் 10 ஜோடி, ஏழு பேர் இருந்தால் 21. ஒரு தாளில் கட்டம் கிழித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு வரி: இவருக்கும் அவருக்கும் நடுவில் தீராமல் கிடப்பது என்ன? கடன், பொறாமை, சொல்லாத நன்றி, ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம், எதுவாகவும் இருக்கலாம். 'நண்பர்கள்' என்று எழுதினால் அந்தக் கட்டம் காலி என்று அர்த்தம். எங்கள் பத்துக் கட்டத்தில் முதல் நாள் ஆறு காலி. அதற்குப் பிறகுதான், எங்கள் முதல் இதழில் யாரும் ஏன் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று எனக்குப் புரிந்தது.

எல்லாக் கட்டத்தையும் ஒரே இதழில் எழுப்பாதீர்கள். இரண்டு, மிஞ்சினால் மூன்று. மற்றவை தூங்கட்டும். எக்ஸ்-மென் கதைகளை 1975 முதல் 1991 வரை எழுதிய கிறிஸ் கிளேர்மான்ட்டின் பலமே இதுதான். ஒரு மாதம் எட்டிப் பார்த்த ஒரு விஷயம் பல மாதம் கழித்துத்தான் வெடிக்கும். (அவருடைய பலவீனமும் அதுதான். சில விஷயங்கள் வெடிக்காமலே நமுத்துப்போன கதையும் உண்டு. எங்கள் ஊர்க்காரனுக்கு நமுத்த வெடியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

இப்போது ஒரு இதழைப் பிரித்துப் பார்ப்போம். 1984இல் வந்த 183ஆவது எக்ஸ்-மென் இதழ், ஓவியம் ஜான் ரொமிட்டா ஜூனியர். கொலோசஸ் என்கிற பீட்டர், சைபீரியாவின் கூட்டுப்பண்ணையில் வளர்ந்த பையன், உடம்பை உலோகமாக மாற்றிக்கொள்பவன். வேறொரு கிரகத்தில் நடந்த பெரிய யுத்தத்தில் ஒரு பெண்மேல் மனசு போய், அவள் இறந்தும்போய், திரும்பி வந்திருக்கிறான். தன்னை நேசிக்கும் சின்னப்பெண் கிட்டியிடம் உண்மையைச் சொல்லி உறவை முறித்துவிடுகிறான். கிட்டியைத் தங்கை மாதிரிப் பார்க்கிற, அதே குழுவின் வுல்வரினுக்குக் கோபம். குழுவில் இன்னொருவனான நைட்க்ராலரையும் சேர்த்துக்கொண்டு பீட்டரை ஒரு மதுக்கடைக்கு அழைத்துப் போகிறான். அங்கே சாதாரண உடையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறான் ஜக்கர்நாட், யாராலும் நிறுத்த முடியாத முரடன். சின்ன உரசல்தான், சண்டை மூண்டுவிடுகிறது.

கடை தரைமட்டமாகிறது. எந்த இதழிலும் வரக்கூடிய சண்டைதான். வித்தியாசம் என்னவென்றால் வுல்வரின் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். உதவிக்குப் போகப் பார்க்கும் நைட்க்ராலரையும் தடுக்கிறான். பீட்டர் அடிபடட்டும் என்று விடுகிறான். ஒவ்வொரு குத்தும் கிட்டிக்காக விழுகிற குத்து. கிட்டி அங்கே இல்லவே இல்லை, ஆனாலும் அந்தச் சண்டை முழுக்க அவள்தான் இருக்கிறாள். என் கலர் பென்சிலுக்கு அங்கே சிவப்பு எது நீலம் எது என்று பிரிக்க முடியவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சோதனைக்கு ஆள் மாற்றிப் பார்ப்பது என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் சண்டைப் பக்கத்தை எடுங்கள். அதில் இருக்கும் ஆளை நீக்கிவிட்டு குழுவில் இருக்கும் இன்னொருவரை அங்கே வையுங்கள். சக்தி மாறும், சரி. முடிவு மாறுகிறதா? மாறவில்லை என்றால் அந்தப் பக்கம் வெறும் சிவப்பு. மதுக்கடையில் வுல்வரின் இருந்த இடத்தில் குழுவின் பழைய தலைவன் சைக்ளாப்ஸை வையுங்கள். முதல் குத்திலேயே தலையிட்டிருப்பான், கதையே நடந்திருக்காது. எங்கள் முதல் இதழின் 19 சண்டைப் பக்கத்தில் இந்தச் சோதனையில் தேறியது ஒன்றே ஒன்று. அதுவும் மருமகன் என்னைக் கேட்காமல் சேர்த்த பக்கம்: குழுவில் ஒருத்தி சண்டை நடுவில் கீழே விழுந்து கிடக்கும் யாரோ ஒருவரின் செருப்பை ஓரமாக எடுத்து வைக்கிறாள். நான் அதை வெட்டச் சொன்னேன். அவன் வெட்டவில்லை.

சண்டையில் யார் முதலில் பாய்கிறார், யார் கடைசியில் வருகிறார், யார் பின்னால் திரும்பிப் பார்க்கிறார் என்பதை ஸ்க்ரிப்டில் தனியாக எழுதுங்கள். 'எல்லோரும் பாய்கிறார்கள்' என்று எழுதாதீர்கள். கொலோசஸ் வுல்வரினைத் தூக்கி எதிரிமேல் எறியும் அந்தப் பிரபலமான ஆட்டம் 1976இல் 100ஆவது இதழில் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை திரும்ப வந்தும் சலிக்காததற்குக் காரணம் அது நம்பிக்கையின் படம் என்பதுதான். யாரையும் கிட்டே விடாத ஒருவன் தன் உடம்பை இன்னொருவன் கையில் கொடுக்கிறான். வசனமே தேவையில்லை.

சக்தியைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த வேலையில் பாதியை முடித்துவிடலாம். சக்தி குணத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணிலிருந்து கதிர் பாய்கிற சைக்ளாப்ஸால் கண்ணாடியைக் கழற்றவே முடியாது, கழற்றினால் எதிரே இருப்பது அழியும். அப்படிப்பட்டவன் எப்போதும் தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பவனாகத்தானே இருப்பான்? தொட்டவரின் சக்தியையும் நினைவையும் உறிஞ்சிவிடுகிற ரோக்கால் யாரையும் தொட முடியாது. இதைவிட அழகு, எக்ஸ்-மென்னின் கிளைக் குழுவான எக்ஸ்-ஃபாக்டர் பற்றி பீட்டர் டேவிட் எழுதிய 87ஆவது இதழ், 1993. குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு மனநல மருத்துவர் முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள், இதழே அவ்வளவுதான். மின்னல் வேகத்தில் ஓடும் குவிக்சில்வர் தான் ஏன் எப்போதும் எரிந்து விழுகிறான் என்று விளக்குகிறான்: ஏ.டி.எம். வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவருக்கு மெஷினை இயக்கத் தெரியாவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும், எனக்கு உலகம் முழுவதுமே அப்படித்தான் என்கிற ரீதியில். முப்பது வருடமாக முசுடு என்று நாம் நினைத்திருந்த ஒருவனை ஒரே பக்கத்தில் புரியவைத்துவிட்டார். இனி அவன் ஓடுகிற ஒவ்வொரு பேனலிலும் அந்த வரிசை நம் நினைவுக்கு வரும்.

சண்டையே இல்லாத இதழ்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் இரண்டாவது தோல்வி அங்கேதான். மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரெஸும் 1980இல் தொடங்கிய நியூ டீன் டைட்டன்ஸ் என்கிற இளம் ஹீரோக்கள் குழுக் கதையின் 8ஆவது இதழ் அப்படிப்பட்டது. ஏழு இதழ் அடிதடிக்குப் பிறகு ஒரு நாள் லீவு. ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். பாதி உடம்பு உலோகமாகிப்போன சைபார்க், தன்னைப் பார்த்தால் எல்லோரும் மிரளுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவன், பூங்காவில் சில குழந்தைகளைச் சந்திக்கிறான். அவர்களுக்கும் செயற்கைக் கை கால்கள். அவனைப் பார்த்து அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவன் ஏழு இதழாக அந்த உலோகக் கையால்தான் எல்லோரையும் அடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிவப்பு இல்லாமல் இந்த நீலம் ஏறியிருக்காது.

நான் என் கதையில் முதல் இதழ் தோற்ற உடனே மொட்டைமாடிக்கு ஓடினேன். யாரென்றே தெரியாதவர்கள் மொட்டைமாடியில் டீ குடித்தால் யாருக்கு என்ன?

அமைதியான இதழுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. பேசுகிற இருவரில் ஒருவருக்காவது அந்த இடத்தில் ஏதாவது வேண்டும், அல்லது எதையாவது மறைக்க வேண்டும். 1984இல் பேரி விண்ட்ஸர்-ஸ்மித் வரைந்த 186ஆவது எக்ஸ்-மென் இதழைப் பாருங்கள். காற்றையும் மழையையும் ஆண்ட ஸ்டார்ம் சக்தியை இழந்து, ஃபோர்ஜ் என்கிற கண்டுபிடிப்பாளனின் வீட்டில் கிடக்கிறாள். அவன் அவளைத் தேற்றுகிறான், சமைத்துப் போடுகிறான், இருவரும் நெருங்குகிறார்கள். இதழின் பெரும்பகுதி இவ்வளவுதான். ஆனால் அவள் சக்தியைப் பறித்த துப்பாக்கியை வடிவமைத்தவனே ஃபோர்ஜ்தான். அது அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்தச் சாப்பாட்டு மேசையில் இருக்கிற பதற்றம் எந்த ரோபோ சண்டையிலும் கிடையாது. மருமகனுக்கு இதைக் கொடுத்தேன். "இது ஓகே மாமா" என்றான். அவனிடமிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

யாருக்கு எப்போது தெரியும் என்பதைத் திட்டமிடுவது தனிக் கலை. டைட்டன்ஸ் கதையில் 1982இல் டெர்ரா என்கிற சிறுமி வந்தாள், பிறகு குழுவிலும் சேர்ந்தாள். அவள் உளவாளி என்பது அடுத்த வருடமே வாசகர்களுக்குக் காட்டப்பட்டுவிட்டது. குழுவுக்குத் தெரிந்தது 1984இல். இடையில் வந்த இதழ்களில் அவள் சிரித்தாலும் நமக்கு வயிற்றைக் கலக்கும். அவளை ஏமாற்றுக்காரியாகவே படைத்து, கடைசியில் சாகடிப்பது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தார்கள். நான் நாளை என்ன எழுதுவேன் என்று எனக்கே தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தவன், இதைப் படித்த பிறகுதான் கடைசிப் பக்கத்தை முதலில் எழுதத் தொடங்கினேன்.

குழுக் கதைகளில் சாவு அடிக்கடி வரும். இரண்டு சாவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1975இல் புதிய எக்ஸ்-மென் குழுவில் சேர்ந்த தண்டர்பேர்ட், மூன்றாவது கதையிலேயே, 95ஆவது இதழில், தப்பிக்கும் எதிரியின் விமானத்திலிருந்து இறங்க மறுத்துச் சாகிறான். பிடிவாதக்காரன், பிடிவாதத்தால் செத்தான். செய்கையும் குணமும் ஒன்றாகத்தான் இருக்கின்றன, ஆள் மாற்றும் சோதனையிலும் தேறும். ஆனாலும் நெஞ்சில் நிற்கவில்லை. அவனோடு நாம் பழகவில்லை, அவனுடைய ஜோடிக் கட்டங்கள் எல்லாம் காலி.

எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரே 1963இலிருந்து நம்மோடு இருந்தவள். 1980இல், 135ஆவது இதழில், கட்டுமீறிய சக்தியோடு ஒரு நட்சத்திரத்தை விழுங்குகிறாள். அதைச் சுற்றிய கிரகத்தில் 500 கோடி உயிர் போகிறது. ஒரு பிரமாண்டமான ஆக்‌ஷன் காட்சி. கிளேர்மான்ட்டும் ஓவியர் ஜான் பைர்னும் முதலில் போட்ட முடிவில் அவள் சக்தியை இழந்து உயிரோடு இருப்பாள். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை பேரைக் கொன்றுவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவதா என்பது அவர் வாதம். முடிவு மாறியது, 137ஆவது இதழில் ஜீன் தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். பழைய முடிவையும் 1984இல் தனியாக வெளியிட்டார்கள். இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஷூட்டர் சொன்னதுதான் சரி. எழுத்தாளர்களுக்கு ஆசிரியர்கள் மேல் கோபம் வருவது சகஜம், ஆனால் கிரகம் எரிந்ததை ஒரு கண்கொள்ளாக் காட்சியாக மட்டும் விட்டுவிடக் கூடாது என்று அங்கே சொன்னவர் ஆசிரியர்தான்.

அதே 137ஆவது இதழில் இன்னொன்றையும் கவனியுங்கள். நிலாவில் நடக்கப்போகும் பெரிய சண்டைக்கு முந்தைய இரவு, ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஜீனுக்காகச் சண்டை போடுவது நியாயமா என்று யோசிக்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் இடம்தான். மறுநாள் அவர்கள் ஒவ்வொருவராக விழும்போது, விழுவது யார் என்று நமக்குத் தெரியும். பெரிய சண்டைக்கு முன் இப்படி ஒரு இரவு வைக்க உங்களுக்கு இரண்டு பக்கம் போதும். இரண்டு பக்கச் சண்டையை வெட்டிவிட்டு வையுங்கள், வரைபவர் திட்டுவார்.

சண்டை முடிந்த அடுத்த இதழில் அதை மறந்துவிடாதீர்கள். 138ஆவது இதழ் முழுக்க ஜீனின் இறுதிச் சடங்கு. ஸ்டார்ம் இழந்த சக்தி திரும்பி வரச் சில வருடம் ஆனது. அதற்கு நடுவில், 201ஆவது இதழில், சக்தி எதுவும் இல்லாமலே சைக்ளாப்ஸோடு மோதி ஜெயித்துத் தலைமையைப் பிடித்தாள். அது வெறும் பயிற்சி அறைப் போட்டி, உலகம் அழியப்போவதில்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் வந்த உலகம் அழியும் சண்டைகளில் பாதி எனக்கு மறந்துபோச்சு, இது மறக்கவில்லை.

சிரிப்பும் இதற்கு உதவும். 1987இன் ஜஸ்டிஸ் லீக் 5ஆவது இதழில், ஆணவம் பிடித்த கை கார்ட்னர் (Guy Gardner) தனக்குச் சக்தி தரும் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அதே குழுவின் பேட்மேனைச் சண்டைக்கு இழுக்கிறான். ஒரே குத்து, விழுந்துவிட்டான். சண்டை அவ்வளவுதான். மற்றவர்களின் முகங்களைத்தான் கெவின் மக்வயர் வரைந்து தள்ளியிருக்கிறார். ஒருத்தி அதைப் பார்க்கத் தவறிவிட்டோமே என்று நொந்துபோகிறாள். சின்னச் சண்டை, பெரிய எதிரொலி. பக்கம் கம்மியாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு, டி.டி.பி. காரனாக ஒரு வார்த்தை. நம் சொற்கள் நீளம். வசன பலூன் வீங்கினால் சண்டை நின்றுவிடும். குத்து விழுகிற பேனலில் நான் நாலு சொல்லுக்கு மேல் விடுவதில்லை, மற்ற பலூன்களுக்குப் பன்னிரண்டு. 'என்னால் இதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை' என்று எழுதி, 'தாங்கல' என்று வெட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் பேச்சு வேறாக இருக்கட்டும்: யார் யாரை அண்ணா என்கிறார், யார் பெயரைச் சொல்கிறார், யார் வாடா என்கிறார். கோபத்தில் ஒருத்தி 'அண்ணா'வை விட்டுவிட்டுப் பெயரைச் சொன்னால் அதுவே ஒரு குத்து.

மூன்றாவது முயற்சிக்கு நாங்கள் போட்ட திட்டம் இப்படி. 22 பக்கம். முதல் மூன்று பக்கம் சண்டையின் நடுவிலேயே தொடக்கம், அதில் எங்கள் ஐவரில் கல்லனும் மின்னியும் மட்டும். அவர்களுடைய கட்டத்தில் எழுதியிருந்தது: 'மின்னியின் அப்பா இறந்த அன்று கல்லன் போன் எடுக்கவில்லை.' அதை யாரும் வாயால் சொல்லக் கூடாது என்பது எங்களுக்குள் விதி. பிறகு நாலு பக்கம் ஆஸ்பத்திரி வராந்தா, அங்கே மற்ற மூவரும் வருகிறார்கள். பிறகு தேடல், ஐந்து பக்கம், விறுவிறுவென்று. பெரிய சண்டைக்கு எட்டு. கடைசி இரண்டு பக்கத்தில் அடி இல்லை, பேச்சும் இல்லை.

பெரிய சண்டையின் நடுவில் கல்லனின் போன் அடிக்கிறது. எதிரி மேலே ஏறி மிதித்துக்கொண்டிருக்கிறான். கல்லன் ஒரு கையால் அவனைத் தடுத்துக்கொண்டு மறு கையால் போனை எடுக்கிறான். தூரத்தில் மின்னி அதைப் பார்க்கிறாள்.

ஸ்க்ரிப்டை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். ஒன்றரை மணிக்கு வாய்ஸ் மெசேஜ். "மாமா, போன்ல யாரு?"

கம்பெனி விளம்பரக் கால் என்று எழுதி அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு பென்சில் ஸ்கெட்ச் வந்தது. சண்டை எட்டுப் பக்கத்தில் ஒன்றை அவனாகவே குறைத்து, அந்த இடத்தில் மின்னியின் முகத்தை மட்டும் முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தான்.